சுங்கச்சாலையும் நம் நெல் மூட்டையும்

(ஆரணியில் நடந்த உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விதை, உரம், பூச்சி மருந்து என்றே பேசிக் கேட்டுப் பழகிய உங்களிடம் இன்று சாலையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். களத்து மேட்டில் குவிந்த நெல் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காசாகிறது. எனவே சாலைச் செலவையும் சாகுபடிக் கணக்கில் எழுதுவதே முறை. நம்மில் எத்தனை பேர் எழுதுகிறோம்?

முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பார்கள். அவன் நீக்கியது சரக்கின் மேல் இருந்த தீர்வை. இன்று வாங்குவது வண்டி ஓடுவதற்கான கட்டணம். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் வழிமறித்து வாங்கும் காசு மக்களை எவ்வளவு உறுத்தியிருந்தால், 900 ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் நிலைத்திருக்கும்!

ஆரணி அரிசி சென்னைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஆர்க்காடு, வாலாஜா சென்று பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சென்னசமுத்திரத்தில் ஒரு சாவடி, ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் இன்னொன்று. செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் சென்று ஏறினால் முதல் சாவடி குறுக்கிடாது. தறிக்கு வேண்டிய கச்சாப் பட்டு பெங்களூரிலிருந்து வரும்போது வாணியம்பாடி, பள்ளிகொண்டா சாவடிகளைத் தாண்டுகிறது. கிருஷ்ணகிரி முதல் வாலாஜா வரையுள்ள இந்த 148 கிலோ மீட்டரைத் தனியார் நிறுவனம் ஆறு வழியாக அகலப்படுத்தி, குறித்த காலம் வரை சுங்கம் வாங்கிக்கொண்டு, பின்பு அரசிடம் ஒப்படைப்பது என்பது ஏற்பாடு.

செய்யாறு சாலையை இலவசச் சாலை என்கிறோம். அதற்கும் பணம் கொடுத்துத்தான் இருக்கிறோம். வண்டிக்கு வரி கட்டுகிறோம். டீசல் ஊற்றும்போதெல்லாம் சாலைக்கென ஒரு தீர்வை கட்டுகிறோம். 2000-ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம், டீசல் மேல் வாங்கும் அத்தீர்வையில் பாதியைக் கிராமச் சாலைகளுக்கென ஒதுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமும் தொடங்கியது. உங்கள் ஊர்ச் சாலைக்குத் தார் கேட்கும்போது கூச்சப்பட வேண்டாம். அது பம்பு செட்டுக்கும் டிராக்டருக்கும் நீங்கள் ஊற்றிய டீசலில் சேர்ந்த பணம்.

இனிச் சுங்கத்தின் கணக்கைப் பார்ப்போம். 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி அடிப்படைக் கட்டணம் கிலோ மீட்டருக்குக் காருக்கு 65 காசு, சிறு சரக்கு வண்டிக்கு 1 ரூபாய் 5 காசு, லாரிக்கு 2 ரூபாய் 20 காசு. இது ஆண்டுதோறும் 3 விழுக்காடு உயரும். மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடும் அதனுடன் சேரும். (நெல்லுக்கு இப்படித் தானாக விலை ஏற ஒரு விதி இருந்தால் எப்படியிருக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது.)

சிறு வண்டிக்கு லாரியில் ஏறத்தாழப் பாதிக் கட்டணம் என்பதைக் கவனியுங்கள். ஆனால் சுமை பாதி இருக்காது. லாரிக்குச் சுங்கம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 120 மூட்டை ஏற்றினால் மூட்டைக்கு 5 ரூபாய். சிறு வண்டிக்கு 300 ரூபாய். 30 மூட்டை ஏற்றினால் மூட்டைக்கு 10 ரூபாய். ஆக, இரண்டு ஏக்கர்க்காரர்தான் மூட்டைக்கு இரு மடங்கு கொடுக்கிறார். பட்டுப் புடவைக்கு இந்தக் கவலை இல்லை. எடை குறைவு, மதிப்பு ஆயிரக்கணக்கில். சுங்கம் அதில் தூசு. பாலுக்கும் பூவுக்கும் நேரம்தான் பெரிது. நல்ல சாலையில் மிச்சமாகும் ஒரு மணி நேரம் சுங்கத்தை ஈடுகட்டிவிடும். நெல்லும் கரும்பும் அப்படியல்ல. கனமான, அவசரமில்லாத சரக்கு. ஒரே சாலை, ஆனால் ஆதாயம் சரக்குக்குச் சரக்கு வேறு.

சாலையைக் கெடுப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் மேல் பாரம் இரு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது என்று கண்டார்கள். இப்போது எண்ணிப் பாருங்கள்: சுங்கத்துக்கு அஞ்சி அளவுக்கு மேல் ஏற்றிய லாரி செய்யாறு சாலையில் திரும்பினால், சாவடியில் மிச்சமான பணம் லாரிக்காரருக்கு, பள்ளம் நமக்கு.

தனியார் கட்டவே கூடாது என்பது என் கருத்தல்ல. ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தில்லியையும் நொய்டாவையும் இணைக்கும் சாலை 2001-இல் திறக்கப்பட்டது. நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 விழுக்காடு ஆதாயம் உறுதி. குறைந்தால் அந்தப் பாக்கி முதலோடு சேரும் என்று எழுதிவிட்டார்கள். கந்து வட்டிக் கடன்போல, கட்டக் கட்ட வளர்ந்தது. 2016-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்தச் சுங்கத்தை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நம் பக்கத்திலேயே வேறொரு செய்தி உண்டு. மதுரவாயல்–வாலாஜா சாலை குண்டும் குழியுமாகக் கிடந்ததால், சரிசெய்யும் வரை நெமிலியிலும் சென்னசமுத்திரத்திலும் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. கட்டணம் சாலையின் தரத்துக்கு உரியது என்பதை நான் சொல்வதைவிட அந்த ஆணை நன்றாகச் சொல்கிறது. பக்கத்தில் கட்டணமில்லாச் சாலை ஒன்று செப்பமாக இருக்கும் வரைதான் சுங்கச்சாலையில் போவது நம் விருப்பமாகும். செய்யாறு சாலை கெட்டால் அந்த விருப்பம் போய்விடும்.

நீங்கள் செய்யக்கூடியவை சில. நான்கைந்து பேர் சேர்ந்து முழு லாரி பிடியுங்கள். 24 மணி நேரத்துக்குள் திரும்பும் வண்டிக்குப் போக வரச் சேர்த்து ஒன்றரைக் கட்டணமே. வாடகை பேசும்போது இதை நினைவில் வையுங்கள். டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் சுங்கம் இல்லை. ஆனால் பக்கச்சாலை இருக்கும் இடத்தில் அதில்தான் போக வேண்டும். வாடகைச் சீட்டில் சுங்கத்தைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டாக் கட்டாயம் என்பதால், எந்தச் சாவடியில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது வண்டிக்காரரின் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. காட்டச் சொல்லிப் பாருங்கள். செய்யாறு வழியாகப் போன லாரிக்குச் சென்னசமுத்திரம் சுங்கத்தை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.