களைத்து அமர்ந்த ஆண்டவரும் நம் தேநீர் வேளையும்



யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில், யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்கு நடந்துபோகும் இயேசு, சிக்கார் என்னும் ஊரருகே யாக்கோபின் கிணற்றோரம் உட்காருகிறார். உச்சிவெயில் நேரம். சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருக்கிறார்கள். அவர் ஏன் உட்கார்ந்தார்? நடந்த களைப்பு. இதைத்தான் யோவான் காரணமாகச் சொல்கிறார். கடவுளே மனித உடல் எடுத்தார் என்று நற்செய்தியின் தொடக்கத்தில் எழுதிய அதே யோவான், அந்த உடல் களைத்தது, தாகம் கொண்டது என்பதையும் மறைக்கவில்லை. நம் ஆண்டவர் களைத்தார், உட்கார்ந்தார், குடிக்கக் கேட்டார். இன்றைய சிந்தனைக்கு இந்த மூன்றும் போதும்.

இப்போது நம் பகுதியைப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டை முதல் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வரை, ஒரு தலைமுறைக்கு முன் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த மண் இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று ஆலைகள் வந்தபடியே இருக்கின்றன. பல குடும்பங்களில் அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் இவற்றால்தான். அதற்காக நாம் இறைவனுக்கு நன்றி சொல்கிறோம்.

ஆனால் நெல் விளைந்த காலத்தில் நேரத்தை வெயிலும் மழையும் சொல்லின. இப்போது ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் சொல்கின்றன. லைனில் ஒவ்வொரு வேலைக்கும் வினாடிக் கணக்கு உண்டு. விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும் முனையில் உள்ள டீக்கடையைப் பாருங்கள். ஒரு கையில் பேப்பர் கப், மறு கையில் செல்போன், கண் முழுவதும் பஸ் வரும் திசையில். டீ குடித்தாயா என்று கேட்டால் குடித்தேன் என்போம். எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாக்கு சுட்டது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

“சாமி, இடைவேளையே பத்து நிமிஷம். கேண்டீனுக்கு நடக்கணும், வரிசையில நிக்கணும், பாத்ரூம் போயிட்டுத் திரும்பணும். இதுல நிதானமா எங்க டீ குடிக்கிறது?” என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தன் நிமிடம் தன் கையில் இல்லாதவரிடம் நிதானமாக இரு என்று சொல்வது, பசித்தவரிடம் மென்று தின்னச் சொல்வது போன்றது. ஆகவே ஓய்வு யாருடைய உரிமை என்பதை முதலில் பார்ப்போம்.

விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ஒரு தொழிற்கூடமே தெரிகிறது. எகிப்தில் இஸ்ரயேல் மக்கள் செங்கல் அறுக்கிறார்கள். ஆண்டவரை வழிபட மூன்று நாள் வழி போய்வரக் கேட்கிறார்கள். பார்வோன் என்ன செய்கிறான்? செங்கலுக்குத் தேவையான வைக்கோலை நிறுத்திவிடுகிறான். ஆனால் செங்கல் எண்ணிக்கையைக் குறைக்க மறுக்கிறான். இன்றைய பேச்சில் சொன்னால், சரக்கு கிடையாது, டார்கெட் மட்டும் அதேதான். ஓய்வு கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்கிறான். கணக்குக் குறைந்தபோது முதலில் அடி வாங்கியது, அதே இஸ்ரயேலரிலிருந்து வைக்கப்பட்டிருந்த மேற்பார்வையாளர்கள். நம் பங்கில் இருக்கும் சூப்பர்வைசர்களும் லைன் லீடர்களும் இந்தப் பகுதியை ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து வாசியுங்கள். மேலே உள்ளவர்களின் அழுத்தத்துக்கும் கீழே உள்ளவர்களின் களைப்புக்கும் நடுவில் நிற்பவர்களின் வேதனையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த அடிமைத்தனத்திலிருந்து மக்களை மீட்ட கடவுள், அவர்களுக்கு ஓய்வுநாளைக் கொடுக்கிறார். இணைச்சட்ட நூல் 5ஆம் அதிகாரம் அதற்குச் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்ததை மறக்காதீர்கள். ஆகவே உங்கள் வேலைக்காரரும், வேலைக்காரியும், அந்நியரும், மாடும், கழுதையும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அப்படியானால் ஓய்வு என்பது முதலாளியின் தயவு அல்ல. வேலையை முடித்தவனுக்குத் தரும் பரிசும் அல்ல. மனிதன் அடிமை அல்ல என்பதற்குக் கடவுள் வைத்த அடையாளம் அது.

திருஅவை இதை ஆலை யுகத்திலும் சொல்லிவந்திருக்கிறது. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், உடலும் மனமும் தேயும் அளவுக்கு ஒருவரை வேலை வாங்குவது நீதியல்ல, உழைப்பின் கடுமைக்கு ஏற்ப ஓய்வு தரப்பட வேண்டும் என்று கற்பித்தது. நம் நாட்டில் 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்று வகுத்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் அமைக்கவும் வழி செய்தது. 2021இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தியது. உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், அதுவரை எத்தனை கால்கள் வீங்கியிருக்கும்!

2023 ஏப்ரலில், வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க இடம் தரும் சட்டத்திருத்தம் நம் பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே முதல் நாள் அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சென்னையில் சிங்காரவேலர் முதன்முதலில் மே தினம் கொண்டாடிய 1923ஆம் ஆண்டுக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து அது நடந்தது. நமக்கு அந்நாள் தொழிலாளரான புனித யோசேப்பின் திருவிழா. 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஏற்படுத்தியது. நாசரேத்துத் தச்சரின் பட்டறையிலும் வேலை இருந்தது. அதோடு ஓய்வுநாளும் இருந்தது.

அன்பார்ந்தவர்களே, உரிமையாகக் கிடைத்த பத்து நிமிடத்தை நாம் என்ன செய்கிறோம்? அதையும் செல்போனிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். லைனை விட்டு வந்த கை, உடனே இன்னொரு லைனைத் தள்ளத் தொடங்குகிறது. விரல் நிற்பதில்லை.

17ஆம் நூற்றாண்டில் பாரிசில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்ற எளிய துறவி இருந்தார். மடத்துச் சமையலறைதான் அவருடைய பணியிடம். பெரிய படிப்பு இல்லை. சட்டி பானைகளின் சத்தத்துக்கு நடுவிலும், கோவிலில் முழந்தாளிட்டிருக்கும்போது போலவே கடவுளின் உடனிருப்பை அவர் உணரப் பழகினார். நம் பாட்டன் பாட்டிகளுக்கும் இது புதிதல்ல. காலை, நண்பகல், மாலை கோவில் மணி அடித்ததும் களத்தில் நின்ற இடத்திலேயே மூவேளைச் செபம் சொன்னார்கள். ஒரு நிமிடம் வேலை நின்றது; மனம் மேலே எழுந்தது; பிறகு வேலை தொடர்ந்தது. இன்று ஆலைக்குள் கோவில் மணி கேட்காது. ஆனால் டீ வரும். அந்த டீயே நமக்கு மணியாக இருக்கட்டும்.

எப்படி? கிளாஸையோ கப்பையோ கையில் வாங்கியதும் செல்போனைப் பையில் போடுங்கள். இடம் இருந்தால் உட்காருங்கள். கையில் அந்தச் சூடு ஏறட்டும். முதல் வாய் குடிக்கும் முன் மனதுக்குள் ஒரு சிலுவை அடையாளம். ‘ஆண்டவரே, நன்றி’ என்ற ஒரு சொல். பிறகு மெதுவாகக் குடியுங்கள். இனிப்பா, துவர்ப்பா, இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் போதும். இயேசு தம் திருத்தூதர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்துப்போய் ஓய்வெடுக்கச் சொன்னதும் உண்ணக்கூட நேரமில்லாத நிலையில்தான் என்று மாற்கு 6ஆம் அதிகாரம் சொல்கிறது. நேரம் மிஞ்சும்போது ஓய்வெடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. டீ தூக்கத்துக்கு மாற்று அல்ல. கண் சொருகும்போது பைக்கை எடுக்காதீர்கள். சாக வேண்டும் என்று களைத்துப் படுத்த எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி எழுப்பி உண்ணச் சொன்னார். போக வேண்டிய வழி நீண்டது என்று அந்தத் தூதருக்குத் தெரியும். 1 அரசர்கள் 19ஆம் அதிகாரம் இது. உங்கள் வழியும் நீண்டது. வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

வீடு என்றதும் இன்னொன்று. நம் வீடுகளில் டீ போடுவது யார்? அம்மா, மனைவி, அக்கா. எல்லோருக்கும் சூடாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஆறிப்போன மிச்சத்தை அடுப்படியில் நின்றபடியே குடிப்பதும் அவர்கள்தான். அவர்களில் பலர் ஆலைக்கும் போய்வருகிறார்கள். ஆலையில் பத்து நிமிட இடைவேளை இருக்கிறது; வீட்டில் அவர்களுக்கு எத்தனை நிமிடம்? வேலைக்காரியும் ஓய்ந்திருக்க வேண்டும் என்ற கடவுள், மனைவியை மறந்துவிடவில்லை. இந்த வாரம் ஒருநாளாவது ஆண்கள் டீ போடுங்கள். அவர்களை உட்கார வையுங்கள். கணவர் ஒரு ஷிஃப்ட், மனைவி ஒரு ஷிஃப்ட் என்று கதவருகே மட்டும் சந்தித்துக்கொள்ளும் தம்பதியர், வார விடுமுறையில் ஒரு வேளை டீயையாவது சேர்ந்து உட்கார்ந்து குடியுங்கள். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும்.

மறுபடி கிணற்றடிக்கு வருவோம். இயேசு யாரிடம் குடிக்கக் கேட்டார்? யூதர்கள் யாருடைய பாத்திரத்தைத் தொடமாட்டார்களோ, அந்தச் சமாரியப் பெண்ணிடம். அவளுக்கே அது வியப்பாக இருந்தது. நம் தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததை நாம் அறிவோம். ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குத் தனியாக ஒதுக்கிய குவளை. அது முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று இன்றும் சொல்ல முடியாது. ஒரே திருப்பலிப் பீடத்தைச் சுற்றி நிற்கும் நாம், மனதுக்குள் இரண்டு குவளை வைத்திருக்கலாமா?

தேயிலைக்கும் ஒரு கண்ணீர்க் கதை உண்டு. நம் முன்னோர் இலங்கை மலைகளுக்கும், நீலகிரிக்கும், வால்பாறைக்கும் கூலிகளாகப் போனார்கள். ஆனைமலைத் தோட்டத் தொழிலாளர் பட்ட பாட்டை மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் நாவலாகவே எழுதினார். அது ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்திருக்கிறது. அதேபோல் சோட்டா நாக்பூர் பழங்குடி மக்கள் அசாம் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஊர் ஆலைகளுக்குத் தம்பி தங்கைகள் வந்திருக்கிறார்கள். அவர்களில் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, யாரிடமும் பேசாமல் போய்விடுகிறார்கள். மொழி தெரியாவிட்டாலும், ‘தம்பி, டீ?’ என்பது எல்லோருக்கும் புரியும். கிணற்றடியில் கேட்ட ஒரு வாய்த் தண்ணீர்தான் ஒரு ஊரையே ஆண்டவரிடம் கொண்டுவந்தது.

ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று செயல்கள். நாளுக்கு ஒரு டீயை நன்றியோடு, நிதானமாகக் குடிப்போம். வீட்டில் எப்போதும் நின்று குடிப்பவரை ஒருநாள் உட்கார வைப்போம். நமக்கு அறிமுகமில்லாத ஒருவரோடு ஒரு டீயைப் பகிர்வோம். பிறருடைய நேரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள், அவர்களுடைய இடைவேளையில் ஒரு நிமிடத்தையும் குறைக்காதிருப்போம்.

செபிப்போம். களைத்து அமர்ந்த ஆண்டவரே, உழைக்கும் எங்கள் கைகளையும் ஓயும் எங்கள் வேளைகளையும் ஆசீர்வதியும். இரவு விழித்து வேலை செய்வோரைப் பத்திரமாக வீடு சேர்த்தருளும். ஒரே அப்பத்திலும் ஒரே கிண்ணத்திலும் எங்களை ஒன்றாக்கியவரே, எங்கள் வீட்டுக் குவளைகளிலும் அந்த ஒற்றுமையைக் காணச் செய்தருளும். ஆமென்.