உப்புத்தாளுக்கு முன்னால்



‘த்ரீ நாட் த்ரீ’ என்றால் நம் ஊரில் புரியாதவர் குறைவு. காவல் நிலைய வாசலிலும் என்.சி.சி. மைதானத்திலும் தலைமுறைகளாகப் பார்த்துவந்த அந்தத் துப்பாக்கியின் பெயர் லீ-என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதச் சாலை, இரண்டும் சேர்ந்து தந்த பெயர் அது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் தோளில் தொங்கியது இதுதான். போர் முடிந்து மிஞ்சியவற்றை அரசுகள் கழித்துவிட்டன. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் அவற்றை வாங்கி, இன்னதென்று அறிந்து, துரு நீக்கிக் காப்பாற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கலையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இதில் கடினமான வேலை துருவை எடுப்பது என்றுதான் பலரும் எண்ணுவார்கள். துருவை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் அந்த இரும்பை வாசிக்கத் தெரிய வேண்டும். இந்தக் கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

கையில் எடுத்ததும் குழலிலும் பெட்டியிலும் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். 1907-இல் வந்த மார்க் மூன்று வகையில், அடிக்கட்டை வந்து சொருகும் இரும்பு வளையத்தின் வலப்புறம்தான் முதல் பக்கம். அங்கே ஒரு கிரீடம், அதன் கீழே அரசரின் எழுத்துகள், செய்த ஆலையின் பெயர், ஆண்டு, வகை என்று வரிசையாகப் பொறித்திருக்கும். என்ஃபீல்டு, பர்மிங்காமின் பி.எஸ்.ஏ., ஆஸ்திரேலியாவின் லித்கோ என்று ஆலைகள் பல. வங்காளத்தில் இஷாப்பூர் ஆலையில் செய்ததென்றால் அரசரின் எழுத்தோடு ஓர் ‘ஐ’ கூடுதலாக நிற்கும். அரசர் இங்கே பேரரசருமாக இருந்ததைச் சொல்லும் எழுத்து அது. நாடு விடுதலை பெற்ற பின் வந்தவற்றில் கிரீடம் போய் அசோகரின் சிங்கங்கள் வந்துவிடுகின்றன. ஆட்சி மாறியதை இவ்வளவு சிறிய இடத்தில் எழுதிவைத்த பொருள் வேறு அதிகம் இல்லை.

அடுத்து வந்த நான்காம் எண் துப்பாக்கியில் இன்னொரு வியப்பு. அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் செய்தவற்றில் ‘யு.எஸ். ப்ராபர்ட்டி’ என்று பொறித்திருக்கும். அமெரிக்கப் படையின் துப்பாக்கியோ என்று புதியவர்கள் மயங்குவார்கள். போர்க்காலக் கடனுதவித் திட்டத்தில் பிரிட்டனுக்காகச் செய்தவை அவை. கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையும் இதே வகையைச் செய்தது.

சிறிய குறிகளும் பேசும். அகன்ற அம்புத்தலை பிரிட்டிஷ் அரசின் உடைமைக் குறி. இரண்டு அம்புத்தலைகள் நுனியோடு நுனி முட்டினால் அரசு அதை விற்றுவிட்டது என்று பொருள். ‘டி.பி.’ என்று கண்டால் அது பயிற்சி அணிவகுப்புக்கு ஒதுக்கியது; சுடுவதற்குத் தகுதியற்றது. முன்கட்டையைச் சுற்றி உலோகக் கம்பி இறுகக் கட்டியிருந்தால் அது கையெறி குண்டு ஏவப் பயன்பட்டது. அந்தக் கம்பியை அசிங்கம் என்று கருதிப் பிரித்துப் போட்டவர்கள் உண்டு. வரலாற்றையே பிரித்துப் போட்ட வேலை அது.

மதிப்பு எங்கிருந்து வருகிறது? முதலில் எண்கள். போல்ட், உடல், குழல், முன்மூடி எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் அவை ஆலையிலிருந்தே ஒன்றாக வந்திருக்கலாம். ஆனால் எண் ஒத்துப்போனால் மட்டும் போதாது. ரஷ்யாவின் மொசின்-நாகன்ட் துப்பாக்கிகளைப் போருக்குப் பின் பிரித்துப் பழுதுபார்த்தபோது, பல பாகங்களில் பழைய எண்ணை அழித்துப் புதிதாக அடித்தார்கள். அப்படி ஒத்துப்போகச் செய்த எண்ணுக்கு மதிப்புக் குறைவு. அதே மொசின்-நாகன்ட், இருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கடைகளில் 100 டாலருக்கும் கீழே கிடைத்தது. இன்று அந்த விலைக்குக் கனவுகூடக் காண முடியாது.

ஜப்பானிய அரிசாகாவின் உடலில் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரை உண்டு. ஜப்பான் சரணடைந்தபோது பெரும்பாலானவற்றில் அதைத் தேய்த்து அழித்துவிட்டார்கள். பூ அழியாமல் தப்பியது கிடைத்தால் விலை உயரும். சுவிட்சர்லாந்தின் கே-31 துப்பாக்கியில் அடித்தகட்டைக் கழற்றினால், அதை வைத்திருந்த படைவீரரின் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு சிலவற்றில் அப்படியே இருக்கும். அமெரிக்க வீரர்கள் கைப்பற்றிய துப்பாக்கியைத் துணிப்பையில் அடக்குவதற்காக முன்கட்டையை ரம்பத்தால் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வெட்டு ஒரு குறைதான். ஆனாலும் அது உண்மையான போர்க்காலக் குறை என்பதால், பிற்காலத்தில் வேட்டைக்காக மரத்தைக் குறைத்துச் சீவியதைவிட மேலாகவே மதிக்கிறார்கள். நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன்.

இனி துரு. துப்பாக்கியின் கருநிறமும் ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான். எஃகைக் காக்கும் கறுப்பு ஆக்சைடு அது. அரிக்கும் சிவப்பு ஆக்சைடு துரு. சிவப்பைத் தின்னும் அமிலம் கறுப்பையும் தின்றுவிடும். வினிகரில் ஊறவைத்தவர், கடையில் விற்கும் துரு நீக்கியைத் தடவியவர், உப்புத்தாளால் தேய்த்தவர், எல்லோருக்கும் மிஞ்சுவது வெள்ளையாகப் பளபளக்கும், முத்திரை மழுங்கிய ஓர் இரும்பு. தோல் உரிந்த பழம்போல அது மறுநாளே கெடத் தொடங்கும்.

தேர்ந்தவர்கள் எண்ணெயில் தொடங்குகிறார்கள். ஊறவைத்து, மிக நுண்ணிய நாலு பூஜ்யம் எஃகு நூலால் எண்ணெயோடு மெல்லத் தேய்ப்பார்கள். திட்டாக இறுகிய துருவுக்குச் செம்புத் துண்டு. செம்பு எஃகைவிட மென்மையானது. துருவைச் சுரண்டும், எஃகைக் கீறாது. படர்ந்த துருவென்றால் மரத்தையெல்லாம் கழற்றிவிட்டு, இரும்பைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க விடுவார்கள். கொதியில் சிவப்புத் துரு கறுப்பாக மாறுகிறது. மேலே மாவுபோல நிற்பதை மென்தூரிகையால் துடைத்தால் கருநிறம் எஃகிலேயே தங்கிவிடும். அரித்ததையே காவலாக மாற்றும் இந்த முறைதான் இந்தக் கலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. வாஷிங் சோடா நீரில் மின்சாரம் பாய்ச்சும் முறை, பூச்சு முற்றாகப் போன பாகங்களுக்கு மட்டும். அதிலும் துணைக் கம்பியாக எவர்சில்வரைப் போடவே கூடாது. குரோமியம் நச்சு நீரில் கலந்துவிடும்.

குழலுக்குள் இருக்கும் துருவுக்குக் காரணம் வேறு. அக்காலத் தோட்டாவின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். அதனால்தான் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றினார்கள். அந்தப் பழக்கத்தைக் கைவிட்டவர்களின் துப்பாக்கியில் குழல் குழிகுழியாக இருக்கும். குழி விழுந்த எஃகை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவராது. மரத்துக்கு அடியில் மறைந்த குழற்பகுதியும் அப்படித்தான். கழற்றிப் பார்க்காமல் விலை பேசுவது வீண்.

மரத்தை இழைக்க வேண்டாம். இழைத்தால் முத்திரைகள் போய்விடும். நசுங்கிய இடத்தில் ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் இழை உப்பி எழும். பிறகு ஆளிவிதை எண்ணெய் போதும்.

நம் நாட்டில் .303 தடைசெய்யப்பட்ட அளவு. சாதாரண உரிமத்தில் யாருக்கும் கிடைக்காது. ஆனால் பழைய இரும்பு நம்மிடம் நிறைய இருக்கிறது. வீட்டுப் பரணில் வாள், பாக்குவெட்டி, பூட்டு. கோயில் உக்கிராணத்தில் விளக்குச் சங்கிலி. பள்ளிக்கூடத்தில் பழைய மணிக்கூண்டின் சக்கரம். அவற்றை எடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் எண்ணெய்த் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, அதில் எழுத்தோ எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதன்பிறகு வேலையைத் தொடங்குங்கள்.