இருமல் மருந்தில் கலந்த நஞ்சு



இருமல் மருந்துப் பாகில் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைகாலைத் தோற்றத்தில் ஒத்தது டைஎத்திலீன் கிளைகால். இனிப்பானது, ஆயினும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ மருந்தில் அது 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாடு அரசின் ஆய்வுக்கூடம் 2025 அக்டோபரில் கண்டறிந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடே. அம்மருந்தை அருந்திய குழந்தைகள் பலர் மத்தியப் பிரதேசத்தில் உயிரிழந்தனர்.

சுவைத்தோ முகர்ந்தோ இந்நஞ்சை அறிய இயலாது. ஆய்வுக்கூடச் சோதனையே காட்டும். ஆகவே, ஊரிலிருந்து கொண்டுவந்த இருமல் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடாதீர்கள். அருகிலுள்ள மருந்தகத்தில் ஒப்படையுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்து, குழந்தை வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, மருந்துப் போத்தலுடன் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஐயம் எழுந்தால் 111 என்னும் எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். மொழி தெரியாமை காலதாமதத்திற்குக் காரணமாகிவிடலாகாது.