உலகப் பொது நன்மையும் நாடுகளின் வாக்கும்



காற்றும் கடலும் எந்த ராஜ்யத்துக்கும் தனிச் சொத்தல்ல என்று எல்லா நாட்டு அறிஞர்களும் ஒப்புக்கொள்ளுகிற இக்காலத்திலும், அவற்றைக் காப்பதற்கான சர்வதேச சபைகள் மட்டும், தத்தம் எல்லைக்குள் பூரண சுதந்திரம் கோரும் ராஜ்யங்கள் ஒவ்வொன்றின் சம்மதத்துக்கும் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. இதினின்று மீள ஓர் உலக அரசாங்கமே தேவை என்பாரும் உண்டு. அவ்வளவு தூரம் போக அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். முடிவெடுக்கும் முறையையும் பொருள் வழங்கும் முறையையும் திருத்தினாலே பெரும்பகுதி காரியம் கைகூடும் என்பதற்கு ஓசோன் மண்டலத்தைக் காத்த வரலாறு சாட்சி.

குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்டுவந்த குளோரோ புளோரோ கார்பன் வாயுக்கள் மேல்வானத்தை அடைந்து ஓசோனைச் சிதைக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் இரு ரசாயன விஞ்ஞானிகள் 1974-இல் எடுத்துக்காட்டினர். அண்டார்க்டிகாவின் மேல் அது மெலிந்துபோவதைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் 1985-இல் வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மாண்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதற்காக அயராது உழைத்தவர், நைரோபியில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துக்குத் தலைமை வகித்த எகிப்தியரான முஸ்தபா டோல்பா.

அவ்வுடன்படிக்கையின் ஒரு விதியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முன்பே கட்டுப்பாட்டுக்குள் வந்த ஒரு பொருளின் உபயோகத்தை மேலும் விரைவாகக் குறைக்க வேண்டுமானால், ஒருமித்த கருத்துக்கு எல்லா முயற்சியும் செய்து அது கைகூடாதபோது, மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் முடிவு செய்யலாம். அம்முடிவு எதிர்த்து வாக்களித்த நாட்டையும் கட்டுப்படுத்தும். பெரிய ராஜ்யங்கள் தம் இறையாண்மையில் ஒரு துளியை இவ்விதம் மனமுவந்து விட்டுக்கொடுத்தது, என் எண்ணத்தில், அந்த வாயுக்களை ஒழித்ததைவிடவும் பெரிய சாதனை. அவ்வாக்கை எடுக்க நேர்ந்ததே இல்லை. எடுக்கக்கூடும் என்ற நிலையே பிடிவாதத்தைத் தளர்த்தப் போதுமானதாயிருந்தது.

வாக்கு மட்டும் போதாது, நியாயமும் வேண்டும். வானத்தைக் கெடுத்தவர்கள் செல்வ நாட்டார். குளிர்சாதனப் பெட்டியை அப்போதுதான் வாங்கத் தொடங்கிய ஏழை நாட்டார் வானத்தைக் காக்கும் செலவைச் சுமப்பதா என்று, 1990-இல் லண்டன் மாநாட்டில், நம் நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த மேனகா காந்தியும் சீனப் பிரதிநிதிகளும் உறுதியுடன் வாதாடினார்கள். அதன் பலனாக ஒரு பலதரப்பு நிதி பிறந்தது. அதன் நிர்வாகக் குழுவின் 14 இடங்களில் ஏழு செல்வ நாடுகளுக்கு, ஏழு வளரும் நாடுகளுக்கு. பணம் கொடுப்பவனுக்கே அதிகாரம் என்ற பழைய வழக்கம் அங்கே எடுபடவில்லை. மேற்சொன்ன வாக்கு விதியும், இரு தரப்பிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும் என்று அப்போதே திருத்தப்பட்டது. உடன்படிக்கையில் 1991-இல் சீனாவும் 1992-இல் இந்தியாவும் சேர்ந்தன, 2009-இல் ஐ.நா.வின் உறுப்பு நாடுகள் அனைத்தும் சேர்ந்துவிட்டன. அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் 2066 வாக்கில் 1980-ஆம் ஆண்டின் நிலையை எட்டும் என்பது நிபுணர்களின் கணிப்பு.

இதே முறையைக் காலநிலைக்கும் கையாளலாம் என்றால், ஓசோனைக் கெடுத்த வாயுக்களைச் செய்தவை சில தொழிற்சாலைகளே, அவற்றுக்கு மாற்றும் கிடைத்தது. நிலக்கரியும் எண்ணெயுமோ நம் வாழ்வின் ஒவ்வொரு மூலையிலும் புகுந்திருக்கின்றன என்று ஆட்சேபிக்கலாம். அது உண்மை. ஆனால் காரியம் கடினமாகக் கடினமாக முடிவெடுக்கும் முறையும் உறுதிப்பட வேண்டுமேயன்றித் தளரலாகாது. 1992-இல் ரியோவில் கையெழுத்தான காலநிலை ஒப்பந்தத்துக்கோ, 1995-இல் பெர்லினில் கூடிய முதல் மாநாடு தொடங்கி, முக்கியமான விஷயங்களில் வாக்கெடுக்கும் விதி ஒன்று நிறைவேறவே இல்லை. ஆகவே கடல் மட்டம் உயர்ந்து தம் மண்ணை இழக்கும் தீவு நாட்டார் எத்தனை பேர் கூடி வேண்டினாலும், வலிமையுள்ள சில நாடுகள் தலையசைக்க மறுத்தால் தீர்மானத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

ஒருமித்த கருத்துக்கான எல்லா முயற்சியும் தோற்ற பின்பு நான்கில் மூன்று பங்கு வாக்கால் முடிவு செய்யலாம் என்று ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவைத் திருத்தும்படி, பாப்புவா நியூ கினியும் மெக்ஸிகோவும் 2011-இல் முன்மொழிந்தன. நம் நாடு அதை ஆதரித்து, செல்வ நாடுகளிலும் வளரும் நாடுகளிலும் தனித்தனிப் பெரும்பான்மை என்ற லண்டன் காப்பையும், நிதிக் குழுவில் சரிபாதி இடத்தையும் அதனோடு சேர்த்துக் கோர வேண்டும் என்பதே நான் இந்த அவையின் முன் வைக்க வந்த விண்ணப்பம்.