பன்னீர்க்குடத் தண்ணீர் பச்சையாகப் போனால்

(மீள்குடியேறிய கிராமங்களில் கர்ப்பவதிகளுக்கும் குடும்பத்தினருக்கும் ஆற்றப்பட்ட உரை)

பின்னுக்கு மரத்தடியில் நிற்கிற ஐயாமார், இது பெண்களின் விசயம் என்று விலகிப் போகாதீர்கள். இரவில் வாகனம் பிடிக்கப் போவது நீங்கள்தான்.

நான் வைத்தியர் அல்ல. தகவல் சொல்வதுதான் என் வேலை. உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸி பக்கத்தில் இருக்கிறா. நான் விட்டதை அவ சொல்லுவா.

பன்னீர்க்குடம் உடைந்தால் வரும் தண்ணீர் தெளிவாக, அல்லது இலேசான வைக்கோல் நிறத்தில் இருக்கும். கொஞ்சம் இரத்தம் கலந்து இளஞ்சிவப்பாகவும் வரலாம். பச்சையாக, பச்சை கலந்த மண்ணிறமாக வந்தால் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் போயிருக்கிறது என்று அர்த்தம். பிறந்த பிறகு போக வேண்டிய அந்தக் கரும்பச்சை மலத்தைத்தான் பழைய ஆட்கள் காட்டுப்பீ என்பார்கள்.

ஏன் முன்னுக்கே போகிறது? பல பிள்ளைகளுக்குக் காரணம் முதிர்ச்சிதான். 40 வாரம் கடந்து 42ஐ நெருங்க நெருங்க இது கூடும். சிலவேளை பிள்ளைக்கு ஒட்சிசன் குறைந்து, அந்த நெருக்கடியில் போய்விடும். வெளியில் இருந்து பார்த்து எது என்று சொல்ல எங்களால் முடியாது. மூச்சுத் திணறும் பிள்ளை அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்தால், பிசின் மாதிரியான மலம் மூச்சுக்குழாயை அடைத்து நுரையீரலைப் புண்ணாக்கும்.

பயப்படுத்தச் சொல்லவில்லை. 100 பிரசவங்களில் 10 முதல் 15 வரையானவற்றில் தண்ணீர் இப்படி நிறம் மாறியிருக்கும். அப்படிப் பிறக்கும் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேருக்குத்தான் இந்த மூச்சு நோய் வருகிறது. ஆனால் அந்த 5 பேரில் உங்கள் பிள்ளையும் ஒன்றா என்று வீட்டில் இருந்து கண்டுபிடிக்க ஏலாது.

ஒரு கிராமத்தில் ஒரு மாமி கேட்டா: "பச்சைத் தண்ணி எண்டா வயித்தை வெட்டத்தானே போயினம்? விடியட்டும், வலி நல்லாய் வந்த பிறகு போவம்." இந்த எண்ணம்தான் எனக்குப் பயம். பச்சை நிறம் மட்டும் சத்திரசிகிச்சைக்குக் காரணம் ஆகாது. தண்ணீர் தடிப்பா, ஐதா என்று பார்ப்பார்கள். வயிற்றில் பட்டி கட்டி பிள்ளையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கவனிப்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை ஒழுங்காக அடித்து, வலியும் முன்னேறினால் சுகப்பிரசவமே நடக்கும். குடம் உடைந்தும் வலி வராவிட்டால் மருந்து கொடுத்து வரவைப்பார்கள். துடிப்பு விழுந்து, பிறப்பு கிட்டத்தில் இருந்தால் ஆயுதம் போட்டு எடுக்கலாம். தூரத்தில் இருந்தால்தான் சிசேரியன். அப்போது கையொப்பம் கேட்டால் சொந்தங்களைக் கூட்டி ஆலோசிக்க நேரம் இராது. வேளைக்குப் போனவருக்கு இத்தனை வழிகளும் திறந்திருக்கும். பிந்திப் போனவருக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

ஆகவே குடம் உடைந்தால் சுத்தமான வெள்ளைத் துணி வைத்து நிறத்தைப் பாருங்கள். நேரத்தைக் குறியுங்கள். பச்சை என்றால், வலி இல்லாவிட்டாலும், உடனே புறப்படுங்கள். சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கே போக முடியுமா என்று மிஸ்ஸியிடம் தொலைபேசியில் கேளுங்கள். அந்தத் துணியைத் தோய்த்து விடாமல் கொண்டுபோய்த் தாதியிடம் காட்டுங்கள். தண்ணீர் நாறினாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் இதே அவசரம்தான். வலி கூட்டவென்று வீட்டில் ஆமணக்கெண்ணெயோ கசாயமோ கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, கிளினிக் அட்டை. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்த அலைச்சலில் அட்டை தொலைத்தவர்கள் இருக்கிறீர்கள். அட்டை இல்லாவிட்டால் 39 வாரமா 42 வாரமா என்று வைத்தியருக்குத் தெரியாது. கடைசி மாதவிடாய்த் திகதி நினைவிருந்தால் இன்றைக்கே மிஸ்ஸியிடம் சொல்லிப் பதியுங்கள். திகதி மறந்திருந்தால், எந்தத் திருவிழாவுக்குக் கிட்ட என்று சொன்னாலும் அவ கணக்குப் பார்ப்பா.

பிள்ளை பிறந்ததும், "குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கேல்லையே" என்று அம்மம்மாமார் கோபிப்பதுண்டு. முந்தி அப்படித்தான் செய்தார்கள். பெரும்பாலும் ஆர்ஜென்ரீனாவில் 2,500க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. தலை வெளியே வந்ததும் உறிஞ்சுவதால் நோய் குறையவில்லை என்று அது காட்டியது. வீரிட்டு அழும் பிள்ளைக்கு அது தேவையில்லை. அம்மாவின் நெஞ்சில் போட்டுப் பால் கொடுக்கலாம். மூச்சு எடுக்காத பிள்ளைக்கு முதலில் மூச்சுக் கொடுப்பதுதான் உதவி.

எப்படியும் முதல் 12 மணித்தியாலம் அடிக்கடி வந்து பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது முனகல், நெஞ்சு உள்ளுக்கு இழுபடுதல், உதடு நீலிப்பது, பால் குடிக்காமை. இதில் ஒன்று கண்டாலும் தாதியைக் கூப்பிடுங்கள். நள்ளிரவு என்று கூச்சப்பட வேண்டாம்.

இனி மிஸ்ஸியிடம் கேள்விகளைக் கேளுங்கள். எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதத்தில் இருக்கிறவர்கள் முதலில் வாருங்கள். உங்கள் ஒழுங்கையில் இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரரின் இலக்கத்தை அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறோம்.