இரவின் அமைதியும் மருந்தே
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைக்காயத்திலிருந்து தேறிவரும் பிள்ளைகளின் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்பது, "தூங்க ஒரு மாத்திரை கொடுங்கள்" என்பதே. பிள்ளை இரவெல்லாம் விழித்திருக்கிறது; பகலில் சுருண்டு படுக்கிறது; எரிந்து விழுகிறது. வீட்டார் அதை அடம் என்கிறார்கள். அடம் அல்ல. இரவு பகலை அறியும் கடிகாரம் மூளைக்குள்தான் இருக்கிறது. அடிபட்டால் அதுவும் தடுமாறலாம்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் மீண்டும் கற்ற பேச்சும் எழுத்தும் மனதில் பதிய அந்தத் தூக்கம் உதவுகிறது.

மாத்திரைக்கு நாங்கள் அவசரப்படுவதில்லை. சில தூக்க மாத்திரைகள் தேறுதலையே தாமதப்படுத்தக்கூடும். முதலில் வலி, வலிப்பு, மூச்சுத்தடை உண்டா என்று பார்க்கிறோம். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பி, காலை வெளிச்சத்தில் உட்காரவைக்கிறோம். பகல் தூக்கத்தைச் சுருக்குகிறோம். இரவில் விளக்கைத் தணித்து, மருந்தையும் பரிசோதனையையும் கூடியவரை ஒரே வேளையில் முடிக்கிறோம். தூங்கிய நேரத்தைத் தாய் நோட்டில் குறிக்கிறார். இவை போதாதபோதே மெலடோனின் பற்றி யோசிக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை: அடிபட்ட பிள்ளை எழுப்பியும் எழாவிட்டால், அதை வெறும் தூக்கமென்று விட்டுவிடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

இதற்கெல்லாம் பெரிய இயந்திரம் தேவையில்லை. பிள்ளை தூங்க, விழித்திருக்கும் ஒரு செவிலியர் தேவை. உங்கள் காணிக்கை அவரை அங்கே நிறுத்துகிறது.