திரையில் கேட்கும் இலங்கைத் தமிழ்



கவிதை, நாவல், நாடகம் என்று கனமான பொருள்களைப் பேசிவந்த இந்தத் தொடரில் நான் சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சினிமா விமர்சகன் அல்லன். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், உடப்புப் பகுதியில் பிறந்து, இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன். விடைத்தாள் கட்டு இல்லாத இரவுகளில் வீட்டாரோடு படம் பார்ப்பேன். ஆண்டுக்கு நாலைந்து தேறும்.

அப்படிப் பார்த்தவைதான் ‘விக்ரம்’, ‘ஜெயிலர்’, ‘லியோ’. முதலாவது 2022இலும் மற்ற இரண்டும் 2023இலும் வெளிவந்தவை. மூன்றிலும் கதாநாயகன் தன் பழைய வாழ்வை மறைத்துக்கொண்டு சாதுவாக இருப்பான். பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ ஆபத்து வந்ததும் ஆயுதத்தைத் தூக்குவான். பார்த்த நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் எந்தச் சண்டை எந்தப் படத்தில் வந்தது என்று என் மகளுக்கும் எனக்கும் வாக்குவாதம். கமல், ரஜனி, விஜய் என்ற முகங்களை எடுத்துவிட்டால் மூன்றையும் பிரித்தறிவது கடினம்.

ஒளிந்து வாழும் கதை இன்னொன்றும் பார்த்தோம். அதில் துப்பாக்கி எடுக்கும் கதாநாயகன் இல்லை. 2025 மே மாதம் வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞருக்கு இதுவே முதற் படம். பொருளாதார நெருக்கடியால் நாட்டை விட்டுப் படகேறும் இலங்கைத் தமிழ்க் குடும்பம் இராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னைக்குப் போய், ஒரு குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவி. அவர்கள் மறைக்க வேண்டியது பழைய பகையையோ இரத்தக் கறையையோ அல்ல, தங்கள் பேச்சை. வாயைத் திறந்தால் பிடிபடுவோம். படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்த ஒரு பயத்திலிருந்துதான் பிறக்கிறது.

படம் எனக்குப் பிடித்தது. அயலில் ஒரு மூதாட்டி இறந்துபோக, ஒருவரையொருவர் அறியாமலே வாழ்ந்த அந்தக் குடியிருப்பாரை இந்த அந்நியக் குடும்பம் ஒன்றுசேர்க்கும் இடம் உண்மையாக இருந்தது. மரண வீட்டில் யாரும் கேளாமலே கதிரை தூக்கும் வழக்கம் எங்கள் கரையிலும் உண்டு. எல்லாரும் நல்லவராகிவிடுவது சற்று இனிப்பு அதிகம். இருக்கட்டும், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் இனிப்புத் தேவைதான்.

என் தாயாரும் எங்களோடு அமர்ந்திருந்தார். சிம்ரன் பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில் கேட்டார்:

“இவங்க யாழ்ப்பாணத்து ஆக்களா மகன்?”

“இலங்கைத் தமிழர், அம்மா.”

“அப்ப நாங்க?”

இன்றைய என் பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

தமிழகச் சினிமாவின் காதில் இலங்கைத் தமிழ் என்பது ஒன்றேயொன்று. அது யாழ்ப்பாணத் தமிழ். அதுவும் ‘வாங்கோ, இருங்கோ’ என்று ஓகாரத்தை இழுத்துவிட்டால் முடிந்தது என்ற அளவில். 2000ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் அந்தப் பேச்சை உழைத்துப் பழகி, தமிழகமெங்கும் பிரபலமாக்கினார். அப்போது நான் பேராதனையில் மாணவன். விடுதியில் வாடகை டெக் எடுத்துப் பார்த்தோம். யாழ்ப்பாண நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தபடியே கமலின் உச்சரிப்பைத் திருத்தினார்கள். மட்டக்களப்பு நண்பர்கள், “இது எங்கட பேச்சில்ல” என்று எழுந்து போனார்கள். மலையகத்து நண்பன் ஒருவன், “நம்மள எப்ப எடுப்பாங்க?” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. புத்தளத்தில் தமிழர் இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டவர்களே அந்த விடுதியில் இருந்தார்கள்.

2002இல் மணிரத்னம் இயக்கிய ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ மாங்குளத்துத் தாயொருத்தியின் கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவைத்தது. துயரம் நம்முடையது, பேச்சு அரைகுறை. அன்று அதைப் பெரிதாக எண்ணவில்லை.

இதே நாட்டின் வானொலி இதைவிட நன்றாகக் கேட்டது. மூத்த நேயர்களுக்கு ‘கோமாளிகளின் கும்மாளம்’ நினைவிருக்கும். ராமதாஸ் முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் மரிக்காராக, ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக, செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழில் உபாலியாக, அப்துல் ஹமீது ஐயராக வந்து, ஒரே நிகழ்ச்சியில் நான்கு தமிழ் பேசினார்கள். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. நான் பிறக்குமுன் வந்த படம். என் தகப்பனார் வசனம் வசனமாகச் சொல்லிக் காட்டுவார். அந்நிகழ்ச்சி ஒவ்வொரு பேச்சையும் கேலி செய்தது உண்மை. ஆனால் கேலி செய்வதற்கும் ஒருவனின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமே! அதே அப்துல் ஹமீது ‘தெனாலி’யிலும் தோன்றினார் என்பதை நினைக்கும்போது, கால் நூற்றாண்டில் நான்கு தமிழ் ஒன்றாகிவிட்டதே என்று தோன்றும்.

எங்கள் பேச்சு எப்படிப்பட்டது? முன்னோர் இராமநாதபுரத்துக் கரையிலிருந்து படகில் வந்தவர்கள் என்று உடப்பில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்தக் கரையின் சாயல் இன்னும் நாவில் உண்டு. பக்கத்து முஸ்லிம் ஊர்களோடும் சிங்கள ஊர்களோடும் கொண்டும் கொடுத்தும் வந்த சொற்களும் உண்டு. என் தாயார் ‘வாங்க’ என்பார்; ‘வாங்கோ’ என்னமாட்டார். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் இந்தச் சாயல்கள் எல்லாம் கேட்கும். ஆகவே அந்தப் படகு இராமேஸ்வரத்தில் இறங்கியபோது, எங்களுக்கு அது பாட்டன் புறப்பட்ட துறைக்குத் திரும்பிப்போவது போலிருந்தது. 2022 மார்ச்சில் தனுஷ்கோடியில் குடும்பம் குடும்பமாய் மக்கள் போய் இறங்கிய செய்தியை நாம் மறக்கவில்லை. இயந்திரப் படகுக்கு மண்ணெண்ணெய் இன்றி எங்கள் கரையிலும் அடுப்பு எரியாத நாள்கள் அவை.

பேச்சை மறைக்கும் கலையும் எங்களுக்குப் புதிதன்று. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை, பாட்டன் தமிழில் பேச, பேரன் சிங்களத்தில் பதில் சொல்லும் வீடுகளை ஒரு தலைமுறை கண்டது. பாடசாலையின் மொழி மாற, வீட்டின் மொழியும் மாறியது. யுத்த காலத்தில் சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, சோதனைச் சாவடி கண்ணில் பட்டதும் என் தாயார் என் கையைக் கிள்ளுவார். பேசாதே என்று அர்த்தம். கேட்கிறவர்களுக்கு அவரே சிங்களத்தில் பதில் சொல்வார். படத்தில் ‘வாயைத் திறக்காதே’ என்று குடும்பத்துக்குச் சொல்லும் கட்டத்தில் என் மகள் சிரித்தாள். தாயார் சிரிக்கவில்லை. அவர் கை என் முழங்கைப் பக்கம் வந்து, சும்மா தொட்டுவிட்டுப் போனது.

இந்தப் பயத்தை இவ்வளவு சரியாகக் கண்ட இயக்குநர், அது ஒரே பேச்சுக்குரியதல்ல என்பதையும் கேட்டிருக்கலாம் என்பதே என் குறை. அயலவர்களே அந்தப் பேச்சைத் தமதாக்கிக் குடும்பத்தைக் காக்கும் இறுதிக் கட்டத்தில் நானும் கண் கலங்கினேன். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் இந்தக் குறையைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? சில ஆண்டுகளுக்கு முன் நாடகப் போட்டிக்கு என் மாணவன் ஒருவன் கரைவலைக்காரர் கதையொன்றை எழுதிவந்தான். மண்டாடியும் சம்மாட்டியும் எங்களூரில் பேசுவதுபோலவே அதில் பேசினார்கள். நான் சிவப்புப் பேனாவை எடுத்து, ‘வாங்க’ எல்லாவற்றையும் ‘வாங்கோ’ ஆக்கினேன். நடுவர்களுக்கு ஈழத்து நாடகமாகத் தெரியவேண்டுமே! பையன் எழுதியதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பாடமாக்கினான். மேடையில் அந்த மண்டாடி யாரோ வேற்றூரானைப் போல் நின்றான். பரிசும் கிடைக்கவில்லை. சினிமா என் தாயாருக்குச் செய்ததை நான் என் மாணவனுக்குச் செய்திருந்தேன்.

இந்த ஆண்டும் போட்டி வருகிறது. வேறொரு பிள்ளை எழுதிய நாடகம் என் மேசையில் கிடக்கிறது. சென்ற வாரம் அதைத் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, “இது யாரு, நம்ம கிழக்குத் தெருப் பிள்ளையா?” என்றார்.